பூஜ்ஜியத்தில் தொடங்காத பென்சில்

ஸ்கேலின் மேல் ஒரு பென்சிலை வைத்து நீளம் என்ன என்று கேட்டால், அதன் முனை 0-வில் இருக்கும்வரை பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அதே பென்சிலைச் சற்று நகர்த்தி வேறோர் எண்ணில் தொடங்கும்படி வைத்தால் பாதிப் பேருக்கு மேல் தவறிவிடுகிறார்கள். 2023-ல் ‘அசர்’ (ASER) கல்வி நிலை ஆய்வு 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளையோரிடம் இதைச் சோதித்தது. 0-வில் தொடங்கியபோது ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சரியாக அளந்தார்கள். இடம் மாறியதும் அது 39 சதவீதமாக விழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் அந்த ஆய்வில் இருந்தது. 2017-ல் இதேபோன்ற கேள்விக்குக் கிடைத்தவை 86, 40. இடையில் எத்தனையோ திட்டங்கள் வந்துபோயும் இந்த இடம் மட்டும் அசையவே இல்லை.

கிராமத்துப் பிள்ளைகளின் குறை என்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருப்பவர்கள் இதைத் தள்ளிவிட முடியாது. 2006-ல் எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸும் விப்ரோவும் சென்னை உட்பட ஐந்து பெருநகரங்களில், பெயர்பெற்ற ஆங்கிலவழிப் பள்ளிகளில் நடத்திய ஆய்விலும் இதே பென்சில் இருந்தது. அங்கேயும் பெரும்பாலான பிள்ளைகள் பென்சிலின் கடைசி முனை நின்ற எண்ணையே நீளமாகச் சொன்னார்கள். கட்டணம் கூடிய பள்ளியில் படித்ததால் இந்தப் புரிதல் தானாக வந்துவிடவில்லை.

பதினாறு வயதில் வராத இந்தத் திறன், உண்மையில் எட்டு வயதில் கைவிடப்பட்டது. தொடக்கப் பள்ளியில் அளவைகளை எப்படிக் கற்றுத்தருகிறோம் என்ற கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்கள் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பென்சிலை 2-லிருந்து 7 வரை வையுங்கள். சரியான விடை 5. ஒரு பிள்ளை 7 என்று சொன்னால் அது கடைசி எண்ணை மட்டும் படிக்கிறது. 6 என்று சொன்னால் 2, 3, 4, 5, 6, 7 என்று கோடுகளை எண்ணுகிறது. இரண்டும் வெவ்வேறு பிழைகள். முதல் பிள்ளைக்கு ஸ்கேல் என்பது விடையைக் காட்டும் ஒரு கருவி, அவ்வளவுதான். இரண்டாவது பிள்ளை எண்ண வேண்டும் என்பதைப் பிடித்துவிட்டது. எதை எண்ணுவது என்பதில்தான் வழுக்குகிறது. நீளம் இருப்பது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில். இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு மையால் தப்புக் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு பேருக்குமே ஒன்றும் கிடைக்காது. 1-லிருந்து 6 வரை வைத்தால் இந்த இரண்டு பிழைகளும் 6 என்ற ஒரே விடையில் போய் ஒளிந்துகொள்ளும். பென்சிலை எங்கே வைக்கிறோம் என்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

அடையாறு பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சைச் சாணால் அளந்ததை ஒருமுறை கூடவே உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தி ஒன்பது என்றாள், பக்கத்தில் இருந்த பையன் பதினொன்று என்றான், இன்னொருத்தி எட்டு. “பாத்தீங்களா, ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு அளவு. அதனாலதான் நமக்கு ஸ்கேல் வேணும்” என்று டீச்சர் முடித்தார். சொன்னது சரிதான். ஆனால் பிள்ளைகளின் கைகளில் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. பதினொன்று சொன்ன பையன், சுண்டுவிரல் நின்ற இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் கட்டைவிரலை ஊன்றினான். எட்டு சொன்னவள் ஒவ்வொரு சாணுக்கும் நடுவில் இடம் விட்டாள். ஒன்பது சொன்னவள் கடைசியில் மிஞ்சிய அரைச் சாணை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாள். அந்த மூன்று கைகளும் அச்சாக ஒரே அளவில் இருந்திருந்தாலும் மூன்று விடைகள்தான் வந்திருக்கும். ஓர் அலகை இடைவெளி விடாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், திரும்பத் திரும்ப வைப்பதுதான் அளத்தலின் உயிர். பாடத்திட்டத்தில் அதற்கென்று ஒரு பீரியடுகூடக் கிடையாது.

இந்த ஒரு விஷயத்தை விளக்க சென்னைப் பிள்ளைகளுக்கு வாய்த்ததுபோல் வேறு யாருக்கும் கதை வாய்க்காது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவையே முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவை அங்கேதான் பிறந்தது. கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. அதை ஏறக்குறைய 400 தடவை முனையோடு முனை சேர்த்து வைத்தார்கள். தரை மேடுபள்ளத்தில் தொய்ந்துவிடாதபடி மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானியும் வைத்துத் திருத்தம் போட்டார்கள். ஒரு முனையில் ஒரு விரல்கடை தவறினால் 400 முனையில் எவ்வளவு தவறும் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் கணக்குதான். மலை உச்சியில் லாம்டனுக்குச் சிலை இருக்கிறது. மாதா கோவிலைப் பார்க்கக் கூட்டிப்போகும் சுற்றுலாவில் அதையும் காட்டி, ஒரு கயிற்றைக் கொடுத்து இரண்டு மரங்களுக்கு நடுவே அளக்கச் சொன்னால் வகுப்பில் ஒரு வாரத்தில் வராதது அங்கே வந்துவிடும்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அளவைகளை எப்படிக் கற்றுத்தந்தன? எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று மனப்பாடமாகவே ஏற்றினார்கள். முந்திரி என்ற 320-ல் ஒரு பங்கிலிருந்து காணி, மா, அரைக்கால், கால், அரை என்று பின்னங்கள் பிள்ளையின் நாவில் இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில்பாபு 2022-ல் வெளியான தம் நூலில் இந்தக் கணக்கு மரபை ஊரின் உழைப்போடும் நிலத்தோடும் தானியத்தோடும் சேர்த்து விரிவாக எழுதியிருக்கிறார். படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பாதி, பாதியில் பாதி என்று போகும் இந்த அடுக்கைக் கையில் வைத்து அளந்த பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு என்பது தாளில் கிறுக்கிய வட்டமாக இருந்திருக்காது. அந்தப் பள்ளிகளைப் பொற்காலமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யாருக்கு இடமே இல்லை என்பது நாம் அறிந்ததுதான். மனப்பாடத்துக்குப் பிரம்பும் துணைநின்றது. ஆனால் பள்ளியில் சொன்ன அளவும் களத்துமேட்டில் புழங்கிய அளவும் ஒன்றாக இருந்தன. அந்த ஒற்றுமை பிறகு திரும்பவே இல்லை.

1956-ல் எடை, அளவைகள் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடப்புக்கு வந்து 1962-ல் கட்டாயமானது. ஊருக்கு ஊர் படி மாறிய காலத்தில், வாங்குகிறவனை ஏமாற்ற முடியாதபடி செய்த பெரிய சீர்திருத்தம் அது. ஆனால் வகுப்பறையில் அது மாற்றல் வாய்பாடாக இறங்கியது. கிலோ, ஹெக்டோ, டெக்கா, டெசி, சென்டி, மில்லி என்று ஏணி வரைந்து, மேலே ஏறினால் வகு, கீழே இறங்கினால் பெருக்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் பல வகுப்புகளில் அளவைகள் பாடம் என்றால் இந்த ஏணிதான். 4 ஹெக்டோமீட்டர் எத்தனை டெசிமீட்டர் என்று கேட்கிறோம். அடையாறிலிருந்து தி.நகருக்குத் தினமும் பஸ்ஸில் போகும் எவரும் வாழ்நாளில் ஒரு ஹெக்டோமீட்டரைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். இது பத்தால் பெருக்கும் பயிற்சி. அளவைப் பாடம் என்ற பெயரில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த நகரத்தில் வேறொரு வழியும் திறந்தது, அதுவும் மெட்ரிக் சட்டத்துக்கு வெகு முன்பே. 1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவர் மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டு, அம்மையாரின் 70-வது பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். சில மாதங்களுக்கென்று வந்தவர் போரால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது.

அவர் கொண்டுவந்த சாதனங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். பத்துச் சிவப்புக் கட்டைகள், முதலாவது 10 சென்டிமீட்டர், கடைசி ஒரு மீட்டர், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் 10 சென்டிமீட்டர் கூடுதல். பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்கள், 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை. எடைக்கு மூன்று வகை மரத்தில் 12, 18, 24 கிராம் பலகைகள். கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளங்கையில் ஏந்தி எது கனம் என்று சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையிடம் இவற்றின் எண்ணைச் சொல்வதில்லை. வரிசைப்படுத்துவது, பொருத்துவது, எது கூடுதல் என்று கண்டுகொள்வது, அவ்வளவே. ஆனால் அந்தக் கைக்குள் மீட்டர் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் கன அளவு வரும்போது அந்த இளஞ்சிவப்புக் கோபுரத்தின் அடிக் கனசதுரத்தைத் திரும்ப எடுத்துவந்தால் போதும். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள அது பிடித்துக்கொள்ளும் இடம் சரியாக ஒரு லிட்டர். உச்சியில் இருக்கும் குட்டி, ஒரு மில்லிலிட்டர். ஆயிரம் குட்டிகள் ஒரு பெரியதுக்குள் அடங்கும் என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்ப மறுப்பார்கள். பக்கம் பத்து மடங்கானால் கன அளவும் பத்து மடங்குதான் என்பது அவர்கள் எண்ணம். அதை அடுக்கிப் பார்த்துத்தான் கலைக்க முடியும்.

மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை இன்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. உள்ளே அலமாரியில் கட்டைகளும் இருக்கின்றன. முதல் வகுப்பு வந்ததும் அவற்றை நிறுத்திவிட்டு நோட்டுக்கு மாறிவிடும் இடங்களே மிகுதி. அடையாற்றில் தொடங்கியது தொடக்கப் பள்ளி முழுவதற்குமாகப் பரவாமல் மழலையர் வகுப்போடு நின்றது பெரிய இழப்பு.

எண்ணுக்கு முன்னால் அளவு என்ற இந்த யோசனையை 1960-களில் மாஸ்கோவில் உளவியலாளர் வசீலி தாவிதவ் இன்னும் தூரம் கொண்டுபோனார். அவருடைய முதல் வகுப்பில் பிள்ளைகள் கயிறு, தண்ணீர், எடை இவற்றை ஒப்பிட்டு, எழுத்துகளால் குறித்து, பிறகுதான் எண்ணுக்கு வருவார்கள். அலகைக் கொண்டு அளக்கும்போது எத்தனை தடவை வந்தது என்பதே அங்கே எண். அதனால் பின்னமும் அவர்களுக்குத் திடீர் விருந்தாளி ஆவதில்லை. நம் பாடத்திட்டத்தில் எண் முதல், அளவை பின். அதுவும் பருவத்தின் கடைசியில், பரீட்சைக்குத் திருப்புதல் நடக்கும் வாரத்தில்.

அளவைப் பாடத்துக்குள் நாம் பின்பற்றும் வரிசைக்குப் பின்னால் நிற்பவர் உளவியலாளர் ஜான் பியாஜே. ஒரே அளவு தண்ணீரை அகலப் பாத்திரத்திலிருந்து ஒடுக்கமான டம்ளருக்கு மாற்றினால், உயரம் கூடியதால் தண்ணீரும் கூடிவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் சொல்வதை அவர் காட்டினார். இதிலிருந்து ஒரு படிக்கட்டு உருவானது: முதலில் நேராக ஒப்பிடுவது, பிறகு சாண், முழம், காலடி, கடைசியில் சென்டிமீட்டர். நம் பாடநூல்களும் ஏறக்குறைய இந்த வழிதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் கில்லியன் போல்டன்-லூயிஸ், அமெரிக்காவில் டக்ளஸ் கிளமென்ட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1990-களிலேயே இதைக் கேள்வி கேட்டார்கள். பிள்ளைகள் முழுசாகப் புரிவதற்கு முன்பே ஸ்கேலை விரும்பி எடுக்கிறார்கள், அதைப் பயன்படுத்தியே புரிந்துகொள்ளவும் செய்கிறார்கள், அலகு அலகாகச் சாணையும் காலடியையும் மாற்றுவது சில பிள்ளைகளைக் குழப்பவே செய்கிறது என்றார்கள். நான் இவர்கள் பக்கம். முதல் வகுப்பிலேயே ஸ்கேல் கையில் இருக்கட்டும். சாணுக்கும் வேலை உண்டு, வேறு வேலை: இரண்டு பேர் அளந்து இரண்டு விடை வரும்போது எழும் சண்டைக்காக அது வேண்டும். அந்தச் சண்டையை ஒரு வாரம் நன்றாக நடத்தினால் போதும், இரண்டு வருஷம் தேவையில்லை.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி அனுபவத்திலிருந்து வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, அவரவர் வேகம் என்று 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது. தரையில் பாய் விரித்து ஆசிரியரும் கூட உட்கார்ந்ததே அதன் பெரிய சாதனை. அளவைகளில் மட்டும் அட்டையே செயலின் இடத்தைப் பிடித்தது. தராசுப் படத்தைப் பார்த்து எழுதினால் மைல்கல் தாண்டிவிடலாம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், கொரோனா விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடக்கிறது. கூட்டல், கழித்தலில் பின்தங்கிய பிள்ளையை மீட்பதே அதன் அவசரம். அந்த அவசரத்தில் அளவை பின்னுக்குப் போவது புரிகிறது. ஆனால் கூட்டலையே டேப்பை வைத்து நடத்தினால் இரண்டும் சேர்ந்து வரும்.

தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகத் தந்த அறிக்கை, மதிப்பிடுதலையும் தோராயம் காண்பதையும் கணிதத்தின் முக்கியமான செயல்களாகப் பட்டியலிட்டது. இருபது வருஷம் ஆகியும் வகுப்பில் ‘உத்தேசமா எவ்வளவு இருக்கும்?’ என்ற கேள்வி அபூர்வமாகத்தான் ஒலிக்கிறது. அளப்பதற்கு முன் ஒரு மதிப்பீட்டை எழுதவைத்து, அளந்த பிறகு வித்தியாசத்தை எழுதவைத்தால், இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் கண் கூர்மையாவதை எண்ணிலேயே பார்க்கலாம். கதவு இரண்டு மீட்டர், நடுவிரல் நகம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், ஆவின் பாக்கெட் அரை லிட்டர் என்று நாலைந்து அடையாளங்கள் மனசில் நின்றுவிட்டால், 14 மீட்டர் உயரப் பையன் என்று விடை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போக மாட்டார்கள்.

இந்த ஊரின் அளவுகள் புத்தகத்துக்கு அடங்காதவை. கபாலீசுவரர் கோவில் மாடவீதியில் பூ முழக் கணக்கு. தி.நகரில் நகைக்கடைப் பலகையில் கிராம் விலை, வீட்டில் பேச்சு சவரனில். எட்டுக் கிராம் ஒரு சவரன். மனை கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி. பையனின் உயரம் வீட்டில் அடியில், பள்ளிப் பதிவேட்டில் சென்டிமீட்டரில். காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில், வெயில் செல்சியஸில். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி, திறந்துவிடும் தண்ணீர் கனஅடியில், பெய்த மழை மட்டும் சென்டிமீட்டரில். பிள்ளைகள் இவற்றையெல்லாம் தினமும் கேட்கிறார்கள். பள்ளி இவற்றைப் பழையது என்றோ வகுப்புக்கு வெளியே என்றோ ஒதுக்குகிறது. ஒதுக்குவதால் பிள்ளை இரண்டு உலகத்தில் வாழ்கிறது; எந்த உலகத்திலும் உறுதியாக நிற்பதில்லை.

தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் இஞ்சு, இன்னொரு பக்கம் சென்டிமீட்டர். இஞ்சு அரை, கால், அரைக்கால் என்று பாதிபாதியாகப் பிரிகிறது. சென்டிமீட்டர் பத்தாகப் பிரிகிறது. பின்னமும் தசமமும் ஒரே நாடாவில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டேப்பின் கடைசியில் ஒரு பக்கம் 60, மறுபக்கம் 150 என்று இருக்கும். ஓர் இஞ்சு 2.54 சென்டிமீட்டர் என்றால் 60 இஞ்சு 152.4 ஆக வேண்டுமே என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் நாளில் அந்த வகுப்பு அளவைகளைக் கற்றுவிட்டது என்று நம்பலாம்.

மழையையும் விட்டுவிடக் கூடாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர், குடிநீர் வாரியத்தின் 9,000 லிட்டர் லாரியைவிட அதிகம். மழைநீர் சேகரிப்பை 2003-ல் கட்டாயமாக்கிய மாநிலத்தில், லாரிக்குக் காத்திருந்து பழகிய தெருக்களில், நீளமும் பரப்பும் கன அளவும் ஒன்றாகக் கூடும் இந்தக் கணக்கு எல்லாப் பள்ளியிலும் நடக்க வேண்டும். வாய் முதல் அடிவரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் இருந்தால் மழைமானி தயார்.

எடையில் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. ரேஷன் கடையிலும் காய்கறிக் கடையிலும் எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு, இரண்டு தட்டு சமமாக நிற்பதைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்கிறது. சிவப்பு எண் மினுக்கிச் சொல்வதை நம்புவதோடு சரி. எது பெரிதோ அதுவே கனம் என்ற எண்ணம் அதனால் நெடுநாள் நீடிக்கிறது. ஒரு ஹேங்கரின் இரு முனையிலும் நூலில் பேப்பர் கப் கட்டி, ஒன்றில் பொரியையும் மற்றதில் அரிசியையும் போட்டு நிறுத்திப் பார்த்தால் அது கலையும். சமம் என்ற குறியின் பொருளும் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. நேரம் தனிப் பிரச்சினை. 60-ல் புரளும் அந்தக் கணக்குக்கு ஒரு முழுக் கட்டுரை வேண்டும்.

மாற்றத்துக்கு நடைமுறையில் இடம் இருக்கிறது. 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. அந்த 40 பெரும்பாலும் சார்ட் ஒட்டுவதில் செலவாகிறது. அளவைப் பாடத்துக்கு அதைக் கையால் செய்யும் தேர்வாக நடத்தலாம். ஐந்து மேசை போடுங்கள். ஒன்றில் முனை உடைந்த ஸ்கேலும் ஒரு துண்டு ரிப்பனும். இன்னொன்றில் லிட்டர் குவளையும் குறி எதுவும் இல்லாத ஒரு சொம்பும். மூன்றாவதில் ஹேங்கர் தராசு. நான்காவதில் கடிகாரமும் பஸ் நேர அட்டையும். ஐந்தாவதில் ஒரு டேப் மட்டும் போதும். ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் உள்ள தூரத்தை உத்தேசமாகச் சொல்லிவிட்டு, பிறகு டேப்பில் அளக்கட்டும். விடைக்குப் பாதி மதிப்பெண், மீதிப் பாதி அலகை எப்படி வைத்தார்கள் என்பதற்கு. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதை ஒரே நாளில் முடிக்க முடியாதுதான். ஒரு வாரம் முழுக்க, தினம் எட்டுப் பேராகப் பார்த்தால் முடியும்.